அந்தப் பக்கம் ஆர் ஆக்கள்?

வவுனியாவில் காணி வாங்க வருகிறவர்கள் புரோக்கரிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒரு பரப்புக் காணி என்ன விலை போகுது? அந்தப் பக்கம் ஆர் ஆக்கள்? முதல் கேள்வி றோட்டால் போகிறவனுக்கும் கேட்கும். இரண்டாவதுக்குக் குரல் தணியும். புரோக்கரும் தணிந்த குரலில்தான் சொல்வார்: "எல்லாம் நல்ல ஆக்கள் அண்ணை." கேட்பவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர் என்றால் அந்த 'நல்ல ஆக்கள்' ஒரு கூட்டம். முஸ்லிம் நானா என்றால் இன்னொரு கூட்டம். என்னைப்போல மலையகத்து வழி வந்தவன் என்றால் புரோக்கர் கொஞ்ச நேரம் யோசிப்பார்.

நான் வயரிங் வேலை செய்கிறேன். 2002 சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஜெனரேற்றர் லைன் இழுக்கப் பழகியதில் தொடங்கிய தொழில். அதற்கு முன்னர் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். இப்போது வவுனியாவைச் சுற்றித்தான் ஓட்டம். காலையில் சாளம்பைக்குளத்தில் ஒரு முஸ்லிம் வீடு, மத்தியானம் மடுக்கந்தையில் ஒரு சிங்கள வீடு, பின்னேரம் குருமன்காட்டில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து தங்கிவிட்ட ஒருவரின் மாடி வீடு. பைக்குக்கு அது பெரிய தூரம் இல்லை, ஆனால் மூன்று ஊர் போய் வந்த களைப்பு இருக்கும். சீலிங்குக்கு மேலே ஏறிக் கிடக்கிறவனிடம் வீட்டுக்காரர் கதை சொல்வார். நானும் கேட்பேன், ஏன் இங்கே வந்தீர்கள் என்று. தமிழிலும் சிங்களத்திலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: நம்மட ஆக்கள் இருக்கினம்.

இந்த 'நம்மட ஆக்கள்' கணக்கால் நான் பிழைத்தும் இருக்கிறேன், நட்டப்பட்டும் இருக்கிறேன்.

கணக்கைத் தொடங்கியது அப்பா. அவர் இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். மலையகம் என்றதும் எல்லாரும் நுவரெலியாவைத்தான் நினைப்பார்கள். அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் நம் சனம், மலைக்கு மலை லயம் என்ற வரிசைக் குடியிருப்பு. இரத்தினபுரியும் கேகாலையும் அப்படி இல்லை. தோட்டங்கள் சிறியவை. நாலைந்து லயம், சுற்றிவரச் சிங்களக் கிராமம். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் அப்பாவின் தோட்டத்துக்குள் ஆட்கள் வந்தபோது, இறப்பர்ச் சீற் காயப்போடும் புகைக்கூடத்துக்குள் அம்மாவையும் பாட்டியையும் இரண்டு இரவு பூட்டி வைத்துக் காப்பாற்றியவர் அங்கே வேலை பார்த்த ஒரு சிங்களக்காரர். அம்மாவின் சேலையில் அந்தப் புகை மணம் வடக்கே வன்னிக்கு வந்தும் போகவில்லையாம். அப்பா அந்த மனுசனை இன்னும் பெயர் சொல்லிக் கும்பிடுவார். ஆனால் முடிவை அவரை வைத்து எடுக்கவில்லை. "நாப்பது குடும்பம்டா நாங்க. வந்தவனுங்க எரநூறு பேரு. ஒரு நல்லவன நம்பிப் புள்ளகுட்டிய வச்சிருக்க முடியுமா?" என்பார்.

அப்படித்தான் ரயில் ஏறி வவுனியாவுக்கு வந்தார்கள். 1958இல் வந்த உறவுக்காரர் ஒருவர் ஏற்கெனவே கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி இருந்தார். 1983க்குப் பிறகு இன்னும் பல குடும்பங்கள் வந்தன. குடியேற்றத் திட்டங்களில் வயல் பெற்ற யாழ்ப்பாணத்துக் கமக்காரர்களுக்குக் கூலிக்கு ஆள் தேவை. அப்பாவுக்கு நாலு பக்கமும் தமிழ் கேட்கும் இடம் தேவை. இரண்டும் பொருந்திப் போயிற்று.

கிளிநொச்சியில் எங்கள் குடியிருப்பில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நூற்றுச் சொச்சம் வீடு. மாரியம்மன் கோயில், தப்பு மேளம், மாசி மாதம் காமன் கூத்து, எல்லாம் அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்தது போல. இரவில் நாய் குரைத்தால் பயமில்லை. அப்பா தேடியது அதுதான், அது கிடைத்தது.

ஆனால் படலைக்கு வெளியே போனால் நாங்கள் மறுபடியும் சிறு கூட்டம். கிளிநொச்சி மாவட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் தமிழர். அந்தத் தமிழுக்குள் ஒருவர் வாயைத் திறந்து "என்னங்க" என்றால் போதும், எதிரே இருப்பவரின் முகம் ஒரு நொடி மாறும். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் இடாப்பைப் பார்த்து, "ஓ, தோட்டக்காட்டுப் பக்கமோ" என்று வகுப்புக்குக் கேட்கச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் "என்ன அண்ணை, வாங்கோ, இருங்கோ" என்று கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகினேன். இன்றைக்கும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு தமிழ், அம்மாவோடு போனில் ஒரு தமிழ். மகள் சிரிப்பாள்.

எங்களுக்குப் பக்கத்து வளவில் ஒரு மாமா இருந்தார். அவர் முதலில் இருந்தது கென்ற் பாம் என்ற பண்ணையில். 77க்குப் பிறகு கென்ற் பாம், டொலர் பாம் இரண்டிலும் மலையகக் குடும்பங்கள் குடியிருந்தன. 1984இல் அவர்களை வெளியேற்றி, அந்த இடங்களைத் திறந்தவெளிச் சிறை ஆக்கி, சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து வைத்தார்கள். அதே வருசம் நவம்பர் 30 புலிகள் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். மாமா அந்தச் செய்தியைக் கேட்டபோது என்ன சொன்னார் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்பு கட்டப் போய்விட்டாராம்.

தொகை என்பது எவ்வளவு ஆட்டம் காட்டும் என்பதற்கு இன்னொன்று. 1981 குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் 'இந்தியத் தமிழர்', அதாவது மலையகத்து வழிச் சனம். 2012இல் மாவட்டத்துச் சனம் ஏறக்குறைய 172,000. அதில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அத்தனை பேரும் செத்துப்போகவில்லை, இந்தியாவுக்குப் போனவர்களும் அத்தனை பேர் இல்லை. பத்திரத்தில் பெட்டி மாறியிருக்கிறார்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் 'இந்தியத் தமிழர்'. என் மகளின் சான்றிதழில் என் இனம் 'இலங்கைத் தமிழர்'. கவுண்டரில் கேட்டார்கள், யோசிக்காமல் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன் என்றும் சொல்லலாம்.

யுத்த காலத்தை விரித்து எழுதப் போவதில்லை. 1996இல் ஒருமுறை, பிறகு 2008, 2009 முழுக்க ஓட்டம், கடைசியில் மனிக் பாம் அகதி முகாம். அங்கே கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். முள்வேலிக்குள், தறப்பாள் கூடாரத்தில், நாளைக்கு என்ன என்று தெரியாத நேரத்திலும் சனம் கூடாரத்தை மாற்றிக்கொண்டது. உள்ளூர்க் கடற்கரைச் சனம் ஒரு வரிசை, வயல்காரர் ஒரு வரிசை, நாங்கள் மலசலகூடப் பக்கத்து வரிசை. யாரும் கட்டளை போடவில்லை. நாங்களாகத்தான் போனோம்.

2013இல், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு, எனக்கு முன்னால் மூன்று வழி. அப்பாவின் அரை ஏக்கர் காணி, குடியிருப்பிலேயே, கையில் பத்திரம் எதுவும் இல்லை. அந்தப் பத்திரம் இல்லாததால் ஐந்தரை இலட்ச ரூபாய் இந்திய வீட்டுத்திட்டத்தில் முதல் பட்டியலில் எங்கள் பெயர் வரவில்லை. இரண்டாவது, மனைவியின் அண்ணன் இருக்கும் வத்தளை. வேலை நிறையக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு அலுவலகத்திலும் சிங்களத்தில் படிவம் நிரப்பவேண்டும், எனக்குப் பேசத்தான் வரும். மூன்றாவது வவுனியா. வேலை இங்கேதான் என்பதால் வவுனியா என்று முடிவெடுத்தேன். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: "நம்ம ஆளுங்க இருக்கிற எடமாப் பாருடா."

பார்த்தேன். நகரத்துக்குச் சற்று வெளியே, நம் சனம் அடர்த்தியாக இருக்கும் ஒரு பக்கம். விற்கிறவர் மச்சானுக்குத் தெரிந்தவர். முதல்நாளே கோயில் மடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அவருடைய தாத்தாவும் இரத்தினபுரிதான் என்றார். இரண்டு பரப்பு, தென்னை மூன்று, கிணறு. அன்றைக்கே ஒன்றரை இலட்சம் முற்பணம் கொடுத்தேன். ஒரு பிளாஸ்ரிக் பைலுக்குள் போட்டோக்கொப்பி காட்டினார், நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து நொத்தாரிசிடம் போனால், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, இது பேமிற். அதுவும் செத்துப்போன தகப்பன்ர பேர். இதை எழுத ஏலாது." காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுக்கும் உத்தரவுப்பத்திரக் காணி விற்பதற்கு அல்ல. அளிப்புப் பத்திரம் ஆன பிறகும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. வன்னியில் இது தெரியாதவன் இல்லை. எனக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? முஸ்லிம்கள் இருக்கும் பட்டாணிச்சூரிலோ சிங்களவர் இருக்கும் மடுக்கந்தையிலோ வாங்கப் போயிருந்தால், கொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேன், காணிப் பதிவகத்தில் தோம்பு என்ற உரிமைப் பதிவை எடுத்திருப்பேன், கிராம சேவகரைப் பார்த்திருப்பேன். 'நம்ம ஆளு' என்றதும் அந்தப் பகுதி மூளை தூங்கிப் போனது. காசில் முப்பதாயிரம் இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தது. மிச்சத்தைக் கைகழுவிவிட்டேன்.

அடுத்து நகரத்துப் பக்கமாக ஒரு உறுதிக் காணி, விற்கக்கூடிய சொந்தப் பத்திரம் உள்ளது. தோம்பு சுத்தம். விலையும் பேசி முடிந்தது. நாள் குறிக்கப் போன புரோக்கர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அவை வித்திட்டினமாம் அண்ணை." விற்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொஞ்சம் நெருக்கிக் கேட்டபோது சொன்னார்: "சொந்த இடம் எது என்டு கேட்டவை. நான் கிளிநொச்சி என்டுதான் சொன்னனான். கிளிநொச்சியில எவடம் என்டு கேட்டவை." அந்த இரண்டாம் கேள்விதான் வடிகட்டி. எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை.

மகள் ஏ.எல். பொருளியல் படித்த காலத்தில் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தாள். தோமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971இல் எழுதியது. அமெரிக்க நகரங்களில் கறுப்பர் ஒரு பக்கம் வெள்ளையர் ஒரு பக்கம் என்று ஏன் பிரிந்து போகிறார்கள் என்று யோசித்தவர். சதுரக் கட்டம் போட்ட தாள், எட்டுக்கு எட்டு. புளியங்கொட்டை இருபத்திரண்டு, மஞ்சாடி இருபத்திரண்டு, கண்டபடி கலந்து வைத்தோம். மிச்சக் கட்டம் காலி. விதி ஒன்றுதான்: சுற்றிவர இருக்கும் அயலவரில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் அந்தக் கொட்டை இருந்த இடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் காலிக் கட்டத்துக்கு நகரும். மூன்றில் ஒன்று பெரிய ஆசையா? மற்றவர் வேண்டாம் என்று எந்தக் கொட்டையும் சொல்லவில்லை. ஆனால் அரைமணித்தியாலத்தில் தாளில் சிவப்பு தனித் திட்டுகளாக, கறுப்பு தனித் திட்டுகளாக. ஒரு மஞ்சாடி நகர்ந்ததால் பக்கத்து மஞ்சாடிக்குக் கணக்குக் குறைகிறது, அதுவும் நகர்கிறது. மனிக் பாம் கூடாரம் ஞாபகம் வந்தது.

மகளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். உங்கள் தாளில் கொட்டை தானாக நகருகிறது. வன்னியில் பாதிக் கொட்டையை யாரோ கையால் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை அரசாங்கம், ஒருமுறை இயக்கம், ஒருமுறை குண்டு. தாளில் காலிக் கட்டம் சும்மா இருக்கிறது. இங்கே ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் எங்கேயோ இருப்பார்.

கடைசியில் நான் காணி வாங்கிய ஒழுங்கையில், அப்படித் தூக்கிப் போடப்பட்ட ஒருவர்தான் இன்று என் பக்கத்து வீடு. நானா முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றுக்காரர். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர் இளந்தாரி. புத்தளத்தில் இருபது வருசத்துக்கு மேல். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பினால் வளவுக்குள் காடு. ஒரு நாள் அவர் வீட்டு மீற்றர்ப் பெட்டி மாற்றும்போது சொன்னார்: "தம்பி, எங்கட மத்ஹப் சட்டப்படி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழ நாப்பது ஆம்பிளையள் வேணும். ஊரில நிலையா இருக்கிற ஆக்கள். வெள்ளிக்கிழமை வந்தா நான் தலையை எண்ணுவன்." எத்தனை பேர் இருந்தால் ஊர் ஊராகும் என்பதற்கு இவ்வளவு துல்லியமான இலக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஊரில் பிறகு தொகை சேர்ந்தது. ஆனால் புத்தளத்தில் படித்த பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டும், மனைவிக்குக் கிளினிக் வேண்டும். காணியை விடாமல் வைத்துக்கொண்டு, குடும்பத்தை வவுனியாவில் இந்த ஒழுங்கைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இங்கே அவர்கள் ஒரே ஒரு முஸ்லிம் குடும்பம். பட்டாணிச்சூர்ப் பக்கம் போகாமல் ஏன் இங்கே என்று கேட்டேன். "பள்ளிக்கு மோட்டார்சைக்கிள்ல பத்து நிமிசம். பாங்கு காத்தடிச்சாக் கேக்கும். மையத்து அடக்க ஆக்கள் வருவினம். வேற என்னத்துக்குப் பக்கத்து வீட்டிலயும் நம்மட ஆள் வேணும்?"

ஒன்றரை இலட்சம் முற்பணம் கொடுத்து ஏமாந்த நான் அந்தக் கேள்வியைப் பல நாள் மனதுக்குள் போட்டு உருட்டினேன். எனக்கு என் சனம் எதற்கு வேண்டும்? கல்யாணம், சாவீடு, கருமாதி, மாரியம்மன் திருவிழா, பிள்ளைக்குச் சம்பந்தம் பார்ப்பது. இதெல்லாம் எட்டு, பத்து கிலோமீற்றருக்குள் இருந்தால் போதும். இரவு இரண்டு மணிக்கு எதற்கு ஆள் வேண்டும்? அதற்கு வாசலில் வாகனம் வைத்திருக்கிறவர் வேண்டும், அவர் என்ன ஆள் என்பது அப்போது கணக்கில் வராது. 2017இல் ஊரெல்லாம் டெங்கு. சின்ன மகனுக்கு மூன்றாம் நாள் காய்ச்சலில் மூக்கால் இரத்தம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார்தான் சாரத்தோடு வந்து பழைய ஒஸ்ரின் காரை எடுத்தார். இரண்டு முறை ஸ்டார்ட் ஆகாமல் நானும் நானாவும் தள்ளினோம். முதல்நாள் என்னைப் பார்த்து "கிளிநொச்சியில எவடம்?" என்று கேட்டவரும் அதே வாத்தியார்தான். இப்போதும் கல்யாணப் பேச்சு வந்தால் குரலைத் தணிப்பார். அது வேறு, இது வேறு.

ஒழுங்கையில் நாங்கள் மலையகத்து வழியில் இரண்டு குடும்பம். மனைவிக்கு முதல் வருசம் கஷ்டமாகத்தான் இருந்தது. கிணற்றடியில் பேச ஆள் இல்லை என்று அழுதிருக்கிறாள். அதை மறைத்து எல்லாம் இனிமை என்று எழுதினால் அவளே சிரிப்பாள். தனியாக ஒரு குடும்பமாகப் போவதற்கு இப்போதும் நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். இரண்டாவது ஒரு வீடு வேண்டும். சமைத்த கீரையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க, நடந்ததைச் சொந்தப் பேச்சில் சொல்ல, ஒரு வீடு.

தொழிலுக்குப் போகும் இடங்களில் காணி பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பகலில் புரோக்கரோடு போய்ப் பார்த்த காணியைப் பின்னேரம் ஆறு மணிக்குப் புரோக்கர் இல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எந்தப் பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள் என்று தெரியும். கலந்த ஒழுங்கை என்று சொல்லுவார்கள், ஆனால் விளையாட்டு மூன்று கும்பலாக நடந்தால் அது கலக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடியுங்கள். கடைக்காரரின் கடன் கொப்பியில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று கண் போகட்டும். எல்லாப் பெயருக்கும் கடன் கொடுக்கிற கடை இருந்தால் நல்ல ஒழுங்கை. கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்று கேளுங்கள். விற்கிறவரின் பெயரும் பில்லின் பெயரும் உறுதியின் பெயரும் மூன்று விதமாக இருந்தால் முற்பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுடலை எது என்று விசாரியுங்கள், அங்கே உங்கள் ஆட்களுக்கு இடம் கொடுப்பார்களா என்றும். இதைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். வன்னியில் இதைக் கேட்காமல் போய்ப் பிரேதத்தை வைத்துக்கொண்டு நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். அப்புறம், விற்கிறவர் உங்கள் ஆள் என்றால் இரண்டு மடங்கு தோண்டுங்கள். அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன மாதம் தங்கச்சியின் மகன் போன் எடுத்தான். நெளுக்குளம் பக்கம் இரண்டரைப் பரப்பு பார்த்திருக்கிறானாம். "மாமா, உறுதி சரி. தோம்பு பாத்தாச்சு. ஞாயித்துக்கிழம பின்னேரம் நீங்களும் வாங்க." அவன் அப்பாவின் வீட்டில் இருந்துதான் பேசினான். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் அந்தக் குடியிருப்பை விட்டு வரமாட்டேன் என்கிறார். பின்னால் அவர் குரல் கேட்டது.

"நம்ம ஆளுங்க எத்தன வீடு இருக்காம்?"

"ரெண்டு வீடு இருக்கு தாத்தா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இருமினார்.

"கெணத்துத் தண்ணி எப்பிடி? உப்பா?"